யாருடைய விடை சரி?



விடியற்காலை ஷிப்டுக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாக நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. கொஞ்ச காலமாக இந்தியும் ஒடியாவும். இறங்கி லைனில் நின்றதும் இத்தனை பேரையும் ஒரு சூப்பர்வைசர் கவனிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை பிடிபடவில்லையா? நேற்று யாராவது ஏசினார்களா? வீட்டிலிருந்து வந்த போனில் ஏதாவது கெட்ட செய்தியா? பெரியவர்களை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்களா? சிலருக்கு இது பார்த்ததுமே தெரிந்துவிடும். சிலருக்கு எடுத்துச் சொன்னாலும் ஏறாது.

இந்த வேறுபாட்டை அளக்க முடியுமா? 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், உணர்ச்சியைப் புரிந்துகொள்வதும் ஓர் அறிவுத்திறன்தான் என்று எழுதினார்கள். 1997இல் அதை நான்காகப் பிரித்தார்கள்: முகத்திலும் குரலிலும் உணர்ச்சியை இனம் காண்பது, யோசிக்கும்போது அதைத் துணைக்கு வைத்துக்கொள்வது, அது எதனால் வந்தது, எதுவாக மாறும் என்று அறிவது, தன் மனதையும் பிறர் மனதையும் பக்குவமாகக் கையாள்வது.

"நீங்கள் பிறர் மனதைப் புரிந்துகொள்பவரா?" என்று கேட்டு டிக் போடச் சொல்லும் தாள்கள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. கணக்கு நன்றாக வரும் என்று ஒரு பையன் சொன்னதற்காக நூறு மார்க் போடுவோமா? கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்வோம். மேயர், சாலவே, டேவிட் கருசோ மூவரும் 2002இல் வெளியிட்ட சோதனை அந்த வகை. 141 கேள்விகள். முகப்படத்தைக் காட்டி, எந்த உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று கேட்கும். ஒரு நிலைமையைச் சொல்லி, எந்தச் செயல் எவ்வளவு பலன் தரும் என்று கேட்கும்.

கணக்குக்கு விடை ஒன்றுதான். இதற்கு? சுமார் 5,000 பேரிடம் முன்பே கேட்டு வைத்தார்கள். நீங்கள் சொல்லும் விடையை அவர்களில் எத்தனை பங்கினர் சொன்னார்களோ, அதுவே உங்கள் மார்க். இன்னொரு வழியில், உணர்ச்சி ஆய்வாளர்கள் 21 பேரின் விடைகளோடு ஒப்பிட்டார்கள். இந்த இடத்தில்தான் என் மனம் ஓசூருக்குத் திரும்புகிறது. அந்த 5,000 பேரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். தேன்கனிக்கோட்டை மலையோரத்திலிருந்து வரும் பெண்ணின் குனிந்த தலைக்கு அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் பொருளும், கூட நிற்கும் தோழி சொல்லும் பொருளும் ஒன்றாகவா இருக்கும்? ஊர் முழுக்கத் தவறவிடுவதை ஒருத்தி மட்டும் கண்டுகொண்டால், இந்த முறையில் அவளுக்குத்தான் மார்க் குறையும்!

2008இல் கேரலின் மெக்கான், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் வேறு வழி பார்த்தார்கள். பெரும்பான்மையை விட்டுவிட்டு, உணர்ச்சி பிறக்கும் காரணத்தை வைத்துச் சரியான விடையை முடிவு செய்தார்கள். விரும்பியது இன்னொருவரால் கைநழுவினால் கோபம். யார் மேலும் குற்றமில்லாமல் நழுவினால் வருத்தம். எனக்கு இது கூடுதல் நியாயமாகப் படுகிறது.

பிறர் மனக்குறிப்பை உணரும் இந்தத் திறனைப் பற்றி, திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு முறை வரும், 71ஆம் அதிகாரமாகவும் 110ஆம் அதிகாரமாகவும். முதலாவது அரசவையில் பழகுபவர்களுக்கு, மற்றது காதலர்களுக்கு. திறன் ஒன்றே என்றாலும், இடம் மாறினால் குறிப்பும் மாறுகிறது என்பதால் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று யாராவது இப்படி ஒரு சோதனை தயாரிக்க வந்தால், அவர்களிடம் நான் கேட்பது இதுதான். முகங்களை இங்குள்ளவர்களின் சம்மதத்தோடு இங்கேயே படமெடுங்கள். கேள்விகளை லைனில் பேசும் மொழிகளிலேயே எழுதுங்கள். படமெடுத்த அன்றே அந்த முகத்துக்கு உரியவரிடம், "அப்போது உன் மனதில் என்ன இருந்தது?" என்று கேட்டு எழுதி வையுங்கள். விடைத்தாளில் அதைச் சேருங்கள்.