மே 18: செயின்ட்-மிஷேலில் ஒரு நாள்



மொன்றியல் மாநகரம் தனது பிறந்தநாளாகக் கொண்டாடுவது மே 17. 1642ஆம் ஆண்டு அந்நாளிலேயே மெசொன்னவும் ஜான் மான்ஸும் தம் கூட்டத்தாருடன் சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் இறங்கி, வில்-மரி என்னும் குடியிருப்பை நிறுவினர். மறுநாளாகிய மே 18 அந்த நகர வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் செயின்ட்-மிஷேல் தெருக்களில் அது வெறும் நாளன்று.

ஹெயிட்டி நாட்டவர் பெருந்தொகையாக வாழும் பகுதி அது. 1803ஆம் ஆண்டு மே 18இல் ஆர்காஹே என்னுமிடத்தில், தெசலின் என்னும் தளபதி பிரெஞ்சுக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளைப் பட்டையைக் கிழித்தெறிந்தார் என்றும், எஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்ரின் ஃப்ளோன் என்னும் பெண் இணைத்துத் தைத்தார் என்றும் அம்மக்கள் வழிவழியாகக் கூறுவர். அடிமைகளாக இருந்தோர் 1804இல் தனிநாடு கண்டனர். துவாலியேயின் கொடுங்கோன்மைக்குத் தப்பி மொன்றியல் வந்தோரின் பேரப்பிள்ளைகளும் அக்கொடியின் கதையை அறிவர்.

கியூபெக் மாகாணமும் தன் தோல்வியை மறைத்ததில்லை. 1837-38 கிளர்ச்சி பிரித்தானியப் படையால் ஒடுக்கப்பட்டது. பன்னிருவர் மொன்றியலில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை நினைவுகூரும் நாட்டுப்பற்றாளர் தினம் மே 25இற்கு முந்திய திங்கட்கிழமை வருகிறது. 2009இல் அத்திங்கள் மே 18 ஆகவே அமைந்தது.

முள்ளிவாய்க்காலில் அந்நாள் விடிந்தபோது மொன்றியலில் மே 17 இரவு. இரண்டிற்கும் இடையே ஒன்பதரை மணி நேர வேறுபாடு உண்டு. நகரின் பிறந்தநாள் முடியுமுன்னரே தமிழர் வீடுகளில் தொலைபேசிகள் ஒலித்தன. சில வீடுகளில் ஒலிக்கவேயில்லை. போரின் இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு தெரிவித்தது.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின்படி குடியேறியோரின் பிள்ளைகளுட் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். ஹெயிட்டித் தோழன் தன் கொடியின் கதையைப் பிரெஞ்சில் விரிவாகச் சொல்வான். தமிழ்ப் பிள்ளையோ, வீட்டில் பாதி வாக்கியமாகக் கேட்டதை எந்த மொழியிலும் முழுமையாகச் சொல்ல இயலாது நிற்கும். பெற்றோரின் மௌனம் துயரத்தால் நேர்ந்ததேயன்றி அசட்டையால் அன்று. எனினும் பிள்ளைக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

2022 மே 18 அன்று கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவை, அந்நாளைத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அவைப் பதிவேட்டில் அது பிரெஞ்சிலும் உள்ளது. ஆசிரியரிடம் காட்ட அதுவே போதுமானது. ஆனால் அம்மம்மா எந்தப் பதுங்குகுழியில் இருந்தார், அரிசியும் உப்பும் மட்டும் இட்ட கஞ்சிக்கு எத்தனை நாழிகை வரிசையில் நின்றார் என்பது அதில் இல்லை. அடுத்த மே மாதம் அக்கஞ்சி காய்ச்சப்படும் வேளையில் இளையோர் அதனைக் கேட்கலாம். கேட்டதைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி வைக்கலாம்.