சந்தாப் புத்தகம் யார் கையில்?

(விழுப்புரம், திண்டிவனம் ஜமாஅத் நிர்வாகிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நன்கொடை வசூலுக்கென மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் ஒன்றையொன்று விலைக்கு வாங்கி ஒன்றாகிவருவதைப் பற்றி நாம் இங்கு பேச இருக்கிறோம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கினால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் என்ன வந்தது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் மாதச் சந்தா, மதரஸா நிதி, பைத்துல்மால் வரவு ஆகியவற்றைக் கணினிக்கு மாற்றுவது குறித்து நம் இரு ஊர்களிலும் ஆலோசனை நடந்துவரும் இவ்வேளையில், பிறர் பட்டறிந்ததைக் கேட்டுக்கொள்வது பயன் தரும்.

நம் சந்தாப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? வீட்டுத் தலைவர் பெயர், தெரு, மாதத் தொகை, எந்த மாதம் வரை செலுத்தினார், பாக்கி எவ்வளவு. வெளிநாட்டில் இருப்பவராயின் அங்குள்ள முகவரி. பொருளாளர் மாறினால் அப்புத்தகம் கையெழுத்துடன் அடுத்தவரிடம் ஒப்படைக்கப்படும். மென்பொருளில் இருப்பதும் இதே புத்தகம்தான். ஆனால் அது இருக்கும் அலமாரியின் சாவி நம்மிடம் இராது.

பிளாக்பாட் என்னும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1981இல் நியூயார்க்கில், ஒரு பள்ளியின் கட்டணக் கணக்குக்காக எழுதப்பட்ட நிரலிலிருந்து தொடங்கியது இது. 2007இல் இ-டாபெஸ்ட்ரி, 2008இல் கின்டெரா, 2012இல் கன்வியோ, 2017இல் பிரிட்டனின் ஜஸ்ட்கிவிங் என்று தன் துறையைச் சேர்ந்த நிறுவனங்களை வரிசையாக வாங்கியது. கன்வியோவுக்கு மட்டும் கொடுத்த விலை சுமார் 27 கோடியே 50 லட்சம் டாலர். கன்வியோ விற்றுவந்த ‘காமன் கிரவுண்ட்’ என்னும் மென்பொருள் கைமாறிய பின்னர் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த தொண்டு நிறுவனங்கள் தங்கள் கொடையாளர் பட்டியலைச் சுமந்துகொண்டு வேறிடம் தேட நேர்ந்தது.

இந்த ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடவில்லை. ஏபாக்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் 2021இல் எவ்ரிஆக்ஷன், சைபர்கிராண்ட்ஸ், சோஷியல் சொல்யூஷன்ஸ் ஆகியவற்றை ஒன்றாக்கியது. 2022இல் அதற்கு பான்டெரா என்று பெயரிட்டனர். கோஃபண்ட்மி நிறுவனம் 2017இல் கிரவுட்ரைஸையும், 2018இல் யூகேரிங்கையும், 2022இல் கிளாஸியையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. காரணம் எளிது. ஒரு முறை பட்டியலை ஏற்றிவிட்ட அமைப்பு எளிதில் வெளியேறாது. ஆண்டுச் சந்தா ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். போட்டியாளரை வாங்குகிறவர் உண்மையில் அந்த வாடிக்கையாளர்களையே வாங்குகிறார்.

பட்டியல்கள் பெருகி ஒரே இடத்தில் குவிந்தால் திருடனுக்கும் வேலை சுலபம். 2020இல் பிளாக்பாட்டின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் பல மாதங்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தனர். அந்நிறுவனம் பணயத்தொகை கொடுத்தது. 13,000க்கும் மேற்பட்ட வாடிக்கை அமைப்புகளின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் 49 மாநிலங்களுடனும் வாஷிங்டன் தலைநகரப் பகுதியுடனும் 4 கோடியே 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. முன்பே விலகிச் சென்ற வாடிக்கையாளர்களின் தகவல்களையும் அது பல்லாண்டுகள் வைத்திருந்ததாக அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் 2024இல் குற்றம் சாட்டியது. நாம் போய்விட்டாலும் நம் புத்தகத்தின் நகல் அங்கேயே கிடக்கும் என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இணையவழிப் பணத்தை வாங்கித் தரும் பேயூ நிறுவனம், 2016இல் சிட்ரஸ் பே நிறுவனத்தை 13 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் பில்டெஸ்கை 470 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. அது 2022இல் கைவிடப்பட்டது.

இணைப்பு என்றால் என்னவென்று நாம் வங்கிகளிடம் ஏற்கனவே கண்டிருக்கிறோம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டது. பழைய காசோலைப் புத்தகம் செல்லாமற்போயிற்று. ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியது. ரசீதுப் புத்தகத்தில் அச்சிட்ட கணக்கு விவரத்தைப் பேனாவால் அடித்துத் திருத்தினோம். ஆயினும் பின்னால் ரிசர்வ் வங்கி நின்றது, அவகாசம் கிடைத்தது, ஒரு ரூபாயும் காணாமற்போகவில்லை. பெயர்ப் பட்டியலைக் காக்கும் மென்பொருள் நிறுவனம் கைமாறும்போது அப்படி அவகாசம் வாங்கித் தருவது நாம் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்றே.

நம்மிடம் வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவரிடம், “தம்பி, நாளை உங்கள் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டால் எங்கள் பட்டியலை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்?” என்று கேட்டோம். நல்ல பிள்ளை, தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார். பதில் இன்னும் வரவில்லை. வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

மாதந்தோறும் தானாகவே பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே வசதி 2020இல் வந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. உறுப்பினர் அளித்த ஒப்புதல், இடையில் நிற்கும் நிறுவனத்தின் வழியே பதிவாகிறது. அந்நிறுவனத்தை விட்டு மாறினால் ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒப்புதல் பெற வேண்டிவரலாம். இளைஞர்கள் கைப்பேசியில் அரை நிமிடத்தில் முடித்துவிடுவர். முதியவர்களின் வீட்டுக்கு யாராவது நேரில் போக வேண்டும். யார் வீட்டுக்குப் போவது என்று தெரியவாவது நம்மிடம் பட்டியல் வேண்டுமல்லவா?

வெளிநாட்டு வரவு இன்னும் நுட்பமானது. வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளை இந்தியக் குடியுரிமையுடன், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அந்நியப் பங்களிப்பாகக் கொள்ளப்படுவதில்லை. அவருடைய அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால் அவர் தருவது அந்நியப் பங்களிப்பு; எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைப் பெறலாகாது. பெயரும் தொகையும் மட்டும் காட்டும் மென்பொருள் இவ்வேறுபாட்டைச் சொல்லாது. விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நம் பொருளாளரே. அந்த நிறுவனம் அதற்குள் வேறு பெயரில் இயங்கிக்கொண்டிருக்கலாம்.

கணினி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கரையான் அரித்த பேரேடுகளையும் பார்த்தவர்கள்தாம் நாம். எந்த நிறுவனத்துடன் சேர்ந்தாலும், மாத இறுதியில் முழுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கி, ஒரு படி செயலாளரிடமும் ஒரு படி பொருளாளரிடமும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை அச்செடுத்துக் கட்டி அலமாரியில் வைப்போம். நிறுவனம் கைமாறினால் 90 நாள் முன்னறிவிப்பும், விலகினால் பட்டியலைத் திருப்பித் தந்து தன்னிடமுள்ள நகலை அழித்ததற்கான கடிதமும் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வோம். எழுத மறுப்பவரிடம் நம் மக்களின் பெயர்களை ஒப்படைக்கலாகாது என்பதே நம் கருத்து. வசூல் கணக்கு, ஜமாஅத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்காகவே இருக்கட்டும்.

ஒப்பந்த வாசகத்தின் மாதிரியைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். இரு ஊர் நிர்வாகிகளும் அதைப் படித்துத் திருத்தித் தந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கலாம்.

வஸ்ஸலாம்.