மேல்காற்று வேண்டும், மேற்கு வெயில் வேண்டாம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாரல் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் புழுக்கத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பீர்கள். சித்திரையில் தென்காசி டவுனுக்குள் ஒரு கான்கிரீட் மாடியறையில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள், தெரியும் சேதி!

பாகப்பிரிவினையில் எங்களுக்கு வந்த மனை 16 அடி அகலம், 62 அடி நீளம். மேற்குப் பார்த்த வாசல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அதிலிருந்த முற்றம் வைத்த ஓட்டு வீடு, மராமத்து செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டது. "முழுசும் தளம் போட்டா ஒரு ரூம் கூடும் தம்பி, வாடகைக்கு விடலாம்" என்றார் கொத்தனார். வங்கித் தவணை கட்டுகிறவனுக்கு அந்த வாடகை பெரிசு. அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "ஏய்யா, முத்தத்தை மட்டும் மூடிராதே. எனக்கு மூச்சு முட்டும்."

நம்ம ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று மேற்கேயிருந்து வருகிறது. பிற்பகல் வெயிலும் மேற்கேயிருந்துதான் வருகிறது. ஜன்னலை அடைத்தால் வெயிலோடு காற்றும் போச்சு. திறந்தால் காற்றோடு வெயிலும் வந்தாச்சு. இரண்டையும் பிரிப்பதுதான் இங்கே வீடு கட்டுகிறவன் வேலை.

இதற்கு வழிகாட்டியவர் மலைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். திருவனந்தபுரம் நாலாஞ்சிறாவில், மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கக்கூடிய பாறைச் சரிவில் 'ஹேம்லெட்' என்ற தம் வீட்டைக் கட்டினார். பாறையைச் சமப்படுத்தாமல் சரிவின் போக்கிலேயே படிப்படியாக வளர்த்தார். 2007இல் காலமாகும் வரை குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார். மனையின் குறையையே வேலைக்கு வைத்துக்கொள்வது அவர் வழி.

என் மனையில் பக்கத்துச் சுவர்களில் ஜன்னல் வைக்க முடியாது. சரி, அந்தச் சுவர்களில் வெயிலும் படாதே! ஆக, வெக்கை வர மூன்றே வழி: கூரை, முன்பக்கம், பின்பக்கம்.

முதலில் கூரை. தென்காசி ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். 2018இல் வெளியான 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற மத்திய விதித்தொகுப்பு, கூரை வழியே வரும் வெப்பம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது இரண்டு மடங்குக்கும் மேல். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. அந்த இடத்தில், பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் முறைப்படி, பழைய வீட்டின் சீமை ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தோம். மேலே சுருக்கி போட்டு, தட்டோடு பதித்து, வெள்ளையடித்தோம்.

பக்கத்து வீட்டுக்கு மேலே எழும்பும் மாடிச் சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவது. ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெக்கையைத் தடுக்கும்.

முன்பக்கம் பழையபடி தார்சா, அதற்கு முன்னால் செங்கல் ஜாலி. வெயில் துண்டு துண்டாகித் தார்சாவோடு நின்றுவிடும், காற்று உள்ளே வரும். சாரல் அடித்தால் உள்கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

முற்றம் 8 அடிக்கு 8 அடி. வாசல், முற்றம், பின்கதவு மூன்றும் ஒரே நேர்கோட்டில். குறுகிய வழியில் காற்றுக்கு வேகம் கூடும் என்பதை காசி விஸ்வநாதர் கோவில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடகை அறை போனது போனதுதான். தவணையை முழுசாக என் சம்பளத்தில்தான் கட்டுகிறேன். ஆனால் ஏ.சி.க்கென்று விட்ட வயர் சுவரிலேயே இருக்கிறது. 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகள் ஓடுகின்றன. அம்மா முற்றத்தை ஒட்டிய அறையில் கோடையிலும் நன்றாகத் தூங்குகிறார்.

தம்பி தங்கைகளே, தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிக்கும் முன் ஒன்றையாவது டேப் பிடித்து அளந்து வரையுங்கள். காற்று எந்த வழியாக வருகிறது, வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று குறியுங்கள். கட்டடத் துறையில் இருக்கும் நாங்கள் அந்த வரைபடங்களைப் பார்த்துத் தர, வேண்டிய கணக்கைப் போட்டுத் தரத் தயார்.