கரையேறியோர் கடமை
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு சங்கத்தின் வாழ்வில் 25 ஆண்டுகள் சிறு பொழுதே. ஆயினும் ஒரு குடும்பத்தின் வாழ்வில் அது ஒரு தலைமுறை. நம் சங்கத்தின் உதவியால் தம் தெருவிலேயே முதன்முதலாகப் பள்ளியிறுதித் தேர்வு எழுதியவர்களின் பிள்ளைகள் இன்று இப்பந்தலில் அமர்ந்திருக்கின்றனர். இதனைக் காணும்போது நம் நெஞ்சம் நிறைகின்றது.

சங்கத்தின் பெருமைகளைக் கூற இம்மேடையில் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. படித்துப் பதவி பெற்றோரும், வணிகம் செய்து பொருள் ஈட்டியோரும் தாம் புறப்பட்ட இடத்திற்குப் பட்ட கடன் யாது? அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேட, நம்மைப் போன்றே பிறப்பின் காரணமாக ஒதுக்கி வைக்கப்பட்ட மற்றொரு மக்களின் வரலாற்றைக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்னும் ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் உள்ளது. 1904-05ஆம் கல்வியாண்டில் அங்குப் பயின்ற கறுப்பின மாணவர் அறுவர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. கைப்பொருள் இன்மை, துணை இன்மை, கூடிப் படிக்க ஆள் இன்மை ஆகிய இவை போதும், ஒரு மாணவனைப் படிப்பினின்று விரட்டுவதற்கு. ஆணை ஏதும் வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டு முடியுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய காட்சிகளைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அந்த அறுவரின் இடம் வெறிதாய் இருந்ததைக் கண்ட ஏனைய கறுப்பின மாணவர்கள், முதலில் ஒரு படிப்புக் குழுவாகக் கூடினர். ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுத்தனர். வெள்ளை மாணவர்க்கு அங்கே ஃபிரடெர்னிட்டி எனப்படும் சகோதரச் சங்கங்கள் பல இருந்தன. அச்சங்கங்களின் இல்லங்களில் இவர்கள் உறுப்பினர் ஆதற்கு இயலாது. இவர்களுள் சிலர் அவ்வில்லங்களில் பணியாளராக வேலை செய்தனர். அவ்வாறு வாழ்ந்த மாணவர் எழுவர், 1906 டிசம்பர் 4ஆம் நாள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதுவே ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா.

அவ்வெழுவரும் பின்னர் என்ன ஆயினர் என்பது அறியத்தக்கது. ஹென்றி காலிஸ் மருத்துவரானார். ஜார்ஜ் கெல்லி நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பொறியாளரானார். வெர்ட்னர் டான்டி அம்மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞரானார். துணி வெளுத்துப் பிழைத்த நிலையினின்று தலைமுடிப் பராமரிப்புப் பொருள் வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய மேடம் வாக்கர் அம்மையாரின் மாளிகையை வரைந்தவர் இவரே. யூஜின் கின்க்கிள் ஜோன்ஸ், வேலையும் வீடும் தேடித் தெற்கிலிருந்து நகரங்களுக்கு வந்த கறுப்பின மக்களுக்காக உழைத்த தேசிய நகர்ப்புற லீகின் பொறுப்பை ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

இவ்விதை பரவியது. 1911இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் கப்பா ஆல்ஃபா சை, அதே ஆண்டில் வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஒமேகா சை ஃபை, 1914இல் அங்கேயே ஃபை பீட்டா சிக்மா எனச் சங்கங்கள் எழுந்தன. பெண்களும் பின்தங்கவில்லை. 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913இல் டெல்டா சிக்மா தீட்டா என்னும் சகோதரியர் சங்கங்கள் ஹோவர்டில் தோன்றின. 1930இல் இவற்றுள் சில தமக்குள் ஒரு பொதுப் பேரவையை அமைத்துக்கொண்டன.

இச்சங்கங்களின் தனிச்சிறப்பு யாதெனின், கல்லூரியை விட்டு வெளியேறும் நாளோடு உறுப்பினர் உறவு முடிவதில்லை. 1911இலேயே லூயிவில் நகரில் பட்டதாரிகளுக்கெனத் தனிக்கிளை ஒன்றை ஆல்ஃபா சங்கம் தொடங்கிற்று. மருத்துவரும், வழக்கறிஞரும், ஆசிரியரும், வணிகரும் தம் ஊர்க் கிளையில் கூடுவர்; சந்தா செலுத்துவர்; இளையோருக்கு வழி காட்டுவர். படிப்பவன் வாங்குபவன், படித்து முடித்தவன் கொடுப்பவன் என்னும் இவ்வொழுங்கே அச்சங்கங்களை நூறாண்டுக்கு மேல் நிலைநிறுத்தியது.

அவர்கள் கொடுத்தது பணம் மட்டுமன்று. மேரிலாந்து மாநிலத்தின் சட்டக் கல்லூரி, டொனால்டு மரே என்னும் பட்டதாரிக்குக் கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் இடம் மறுத்தது. 1935இல் ஆல்ஃபா சங்கத்தின் ஆதரவோடு வழக்குத் தொடரப்பட்டது. வாதாடியவர்கள் சார்லஸ் ஹூஸ்டனும் தர்குட் மார்ஷலும். இருவரும் ஆல்ஃபா உறுப்பினர். அக்கல்லூரியின் கதவு தமக்குத் திறவாது என அறிந்து வேறிடம் சென்று படித்தவர் மார்ஷல். தமக்கு மூடியிருந்த கதவைத் தம் தம்பிக்குத் திறந்துவிட்டார். பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை வாதாடிப் பெற்றவரும், 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவரும் அவரே.

இன்னொரு வழக்கைக் கேளுங்கள். 1942இல் எல்மர் ஹென்டர்சன் என்னும் அரசு அலுவலர் இரயிலில் சென்றார். உணவுப் பெட்டியில் கறுப்பினத்தார்க்கு அடுக்களையை ஒட்டி இடம்; நடுவே திரைச்சீலை. அவ்விடத்திலும் வெள்ளையர் அமர்ந்துவிட்டதால் இவருக்கு இறுதி வரை உணவு கிடைக்கவில்லை. ஆல்ஃபா சங்கம் இவ்வழக்கைத் தன் வழக்காக ஏற்றது. சங்கத்தின் வழக்கறிஞர் பெல்ஃபோர்டு லாசன் எட்டாண்டுகள் நடத்தினார். 1950இல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளையும், கொட்டாங்குச்சியும் கண்ட நம் மக்களுக்கு அத்திரைச்சீலையின் பொருள் நன்கு விளங்கும். உறுப்பினர் செலுத்திய சந்தாப் பணம் ஒரு திரையைக் கிழித்தது என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

பெண்கள் ஆற்றிய பணியும் பெரிது. 1935 முதல் பல ஆண்டுகள் கோடை விடுமுறையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தினர், மருத்துவர் டாரத்தி ஃபெரபீ அம்மையாரின் தலைமையில், மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர். வாரத்திற்கு உழும் ஏழைக் குடியானவரின் குழந்தைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டனர். தோட்ட முதலாளிகள் தம் ஆட்களை மருத்துவ முகாமிற்கு விட மறுத்தபோது, முகாமையே மோட்டார் வண்டிகளில் ஏற்றித் தோட்டத்திற்குக் கொண்டு சென்றனர்.

வணிகத்திற்கு வருவோம். ஃபை பீட்டா சிக்மா 1920களிலேயே கறுப்பின மக்களிடையே வணிகத்தை வளர்த்தலைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாக ஏற்றது. கூலியாளாகவும் எழுத்தராகவும் மட்டுமே வாழும் சமுதாயம் பிறர் தயவில் வாழும் சமுதாயம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கப்பா சங்கத்தைச் சேர்ந்த ரெஜினால்டு லூயிஸ் பால்டிமோர் நகரில் 1942இல் பிறந்தவர். சிறு வயதில் செய்தித்தாள் விற்றவர். சட்டம் பயின்று, 1987இல் பியாட்ரிஸ் என்னும் உணவு நிறுவனத்தின் பன்னாட்டுப் பிரிவை 98.5 கோடி டாலருக்கு வாங்கினார். ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைக் கடந்த முதல் கறுப்பின நிறுவனம் அதுவே. 1992இல் தாம் பயின்ற ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கு 30 இலட்சம் டாலர் வழங்கினார். அடுத்த ஆண்டில் தம் ஐம்பதாம் அகவையிலேயே மறைந்தார்.

கார்னெலில் ஆல்ஃபா உறுப்பினராயிருந்து வேதிப் பொறியியல் பயின்ற இராபர்ட் ஸ்மித், 2019 மே மாதம் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில், அவ்வாண்டு பட்டம் பெறும் ஏறத்தாழ 400 மாணவரின் கல்விக் கடன் முழுவதையும் தாமே அடைப்பதாக அறிவித்தார். அதற்கு 3.4 கோடி டாலர் ஆயிற்று. கடன் சுமையோடு மேடையேறியோர் கடனற்றவராய் இறங்கினர். ஆயினும் இதே பெருமகனார், பல்லாண்டுகளாக வரி ஏய்த்ததை 2020 அக்டோபரில் ஒப்புக்கொண்டு 13.9 கோடி டாலர் செலுத்த இசைந்தார். இளைஞர்களே, இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஈகை, நேர்மைக்கு ஈடாகாது. நம் மக்கள் பயிலும் பள்ளியும், உதவித்தொகையும் வரிப்பணத்தில் நடப்பவை. அதனை மறைத்துவிட்டு மேடையில் வழங்குவது முழு அறமாகாது.

அச்சங்கங்களிடம் நாம் விலக்க வேண்டியனவும் உண்டு. புதியோரை அடித்தும் இழிவுபடுத்தியும் சேர்க்கும் கொடுமை அங்கே புகுந்து உயிர்களையும் பறித்தது. 1990இல் பழைய சேர்ப்பு முறையையே கைவிடத் தீர்மானித்த பின்னரும் அக்கொடுமை மறைவில் தொடர்ந்தது. கறுப்பின சமூகவியல் அறிஞர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், 1957இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில், இச்சங்கங்கள் விருந்திலும் பகட்டிலும் பொருளை வீணாக்குவதைக் கடுமையாகச் சாடினார். இழிவு பட்டவன் பிறனை இழிவு செய்தல் ஆகாது. பசித்தவனின் பேரால் கூடியோர் விருந்திலேயே நின்றுவிடலும் ஆகாது.

இவ்வரலாற்றிற்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமையன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு விண்ணப்பம் செய்வதை அறிந்து, 1946 ஜூலையில் அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டூ பாய்ஸ் அன்புடன் விடை எழுதினார். அந்த டூ பாய்ஸும் ஆல்ஃபா உறுப்பினரே. 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கும் அவ்வாறே. திருவனந்தபுரத்தில் நம் மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் தம்மை அறிமுகம் செய்ததையும், முதலில் அதிர்ந்து, பின்னர் அது உண்மையே எனத் தாம் தெளிந்ததையும் 1965இல் தம் தேவாலயத்தில் அவர் எடுத்துரைத்தார்.

இனி நம்மை நோக்குவோம். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்தவர்கள் சமுதாயத்திற்குத் தொண்டு செய்வர் என்று தாம் நம்பியது பொய்த்ததாகக் கூறி மனம் நொந்தார். அச்சொல் வடநாட்டாருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. நாமும் குற்றவாளிகளே. வேலை கிடைத்ததும் நகரில் வாடகைக்கு வீடு தேடினோம். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று வீட்டுக்காரர் கேட்டபோது சொல்லத் தயங்கினோம். அத்தயக்கத்திற்குக் காரணம் நம் குற்றமன்று, இச்சாதியமைப்பின் குற்றம். ஆயினும் தெருவின் பெயரை மறைத்த நாம், நாளடைவில் அத்தெருவுக்குச் செல்லும் வழியையும் மறந்தோமே, அது நம் குற்றம். சங்கத்தின் சந்தாவைக் கேட்டு வந்த முதியவரை அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பினோம். அவர் பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்த்து வந்திருப்பார் என நினைத்தோமா?

ஆகவே, இவ்வெள்ளி விழாவில் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, இச்சங்கத்தால் பயின்று ஊதியம் பெறும் ஒவ்வொருவரும் கல்லூரியின் முதலாண்டில் பயிலும் ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்க வேண்டும். பணம் அனுப்பினால் போதாது. மாதம் ஒருமுறை நேரில் காண வேண்டும். கார்னெலை விட்டுச் சென்ற அறுவருக்கு இல்லாமற்போனது அத்துணையே.

இரண்டாவது, கடையோ, பட்டறையோ, ஒப்பந்தத் தொழிலோ நடத்துவோர் ஆண்டுக்கு இருவரையேனும் சேர்த்துக் கணக்கெழுதவும், சரக்குக் கொள்முதல் செய்யவும், வங்கியில் கடன் பெறவும் பழக்க வேண்டும். எடுபிடி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுதல் பயிற்சியாகாது. 2005இல் புணே நகரில் தலித் தொழில் வணிகக் கூட்டமைப்பு ஒன்று தோன்றியுள்ளது. அத்தகைய அமைப்புகளோடு நம் தொழில் முனைவோர் தொடர்பு கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சட்ட உதவி நிதி ஒன்று தனியே வேண்டும். நம் வழக்கறிஞர்கள் தம் அறிவைத் தரட்டும். ஏனையோர் படிக்கட்டணத்தையும் நகல் செலவையும் தரட்டும்.

நான்காவது, வரவு செலவு ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழுவில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். செயற்குழுவில் பெண்கள் சரிபாதி இடம் பெற வேண்டும். நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லையெனின் வேறு யாருக்கு உண்டு?

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பர். அவ்வூரில் நம்மைச் சேர்க்காத காலத்தில் நம் முன்னோர் தமக்கென இச்சிறு படகைக் கட்டினர். அதில் ஏறி நம்மிற் சிலர் கரை சேர்ந்தோம். எதிர்க்கரையில் இன்னும் பிள்ளைகள் நிற்கின்றனர். கரையேறியவன் படகைக் கட்டிப்போட்டுவிட்டு நடப்பானாயின், அவன் பெற்ற கல்வியும் செல்வமும் அவனோடு முடியும். படகைத் திருப்பி அனுப்புவோம். அதுவே இவ்வெள்ளி விழாவின் பயன்.