ஜாமீனுக்கு நாலு பேர் வேண்டும்

பந்தலுக்கு வெளியே நின்று கேட்கிற தாய்மார்களே, உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

வ.உ.சி. பிறந்தநாள் கூட்டத்தில் எனக்குத் தந்த தலைப்பு 'வழக்கறிஞர் வ.உ.சி.' நான் வழக்கறிஞன் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். கேஸ்கட்டுத் தூக்கி, நகல் வாங்கி, வாய்தா தேதி எழுதியே காலம் போனது. கப்பலைப் பற்றியும் செக்கைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இதை நோட்டீசில் போட்டிருந்தால் பாதிக் கூட்டம் வந்திருக்காது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் குடிதண்ணீர் கேட்டு நம் விலக்கில் மறியல் நடந்தது. காலிக்குடத்தோடு உட்கார்ந்தவர்கள் முந்நூறு பேராவது இருக்கும். பேருந்துக் கண்ணாடி ஒன்று உடைந்தது. ஓட்டுநருக்குக் கையில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்று ராத்திரியே பதினோரு பேரைப் பிடித்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, அதற்கு மேல் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். கடைசியாகச் சொன்னது 1992இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். அது எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டால் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பும் பேச்சே இல்லை, ரிமாண்டுதான்.

கல்லை எறிந்தது யார்? எனக்குத் தெரியாது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் எறிந்திருக்கலாம். எறிந்தவர் இங்கேயே உட்கார்ந்து எனக்குக் கைதட்டிக்கொண்டிருக்கவும் செய்யலாம். ஓட்டுநரும் நம் பக்கத்து ஊர்க்காரர்தான், அவர் வலியை யாரும் லேசாகப் பேச வேண்டாம். யார் எறிந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியது கோர்ட். கோர்ட் அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் பதினோரு குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டுமே, அதற்குத்தான் உங்களிடம் கையேந்துகிறேன்.

டீக்கடையில் ஓர் அண்ணாச்சி கேட்டார், "தப்புப் பண்ணுனவனுக்கு ஊர்ப்பணம் எதுக்குவே?" என்று. நியாயமான கேள்வி. தப்புப் பண்ணினவர் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தால் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்லட்டும். தெரியாதென்றால், தெரிகிற வரைக்கும் பொறுக்க வேண்டியதுதான். பொறுப்பதற்கு ஆகிற செலவைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

வழக்குச் செலவு என்றதும் எல்லோரும் வக்கீல் பீஸ் என்று நினைக்கிறீர்கள். இந்த வழக்கில் வக்கீல் பீஸே கேட்கவில்லை. ஆனாலும் பணம் கரைகிறது. எப்படி? ஒன்பது பேருக்கு ஜாமீன் கிடைத்து வெளியே வந்துவிட்டார்கள். உடைந்த கண்ணாடிக்கும் மற்றதற்கும் ஈடாக ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டிவிட்டு வெளியே போகச் சொல்லி உத்தரவு. பொதுச்சொத்து வழக்கில் இப்படிக் கட்டச் சொல்வது வழக்கமானதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐயாயிரத்துக்கு எத்தனை கம்மல் அடகுக்கடைக்குப் போனது என்று நம் தெருப் பெண்களைக் கேளுங்கள், பெயரோடு சொல்வார்கள்.

அது ஒருதடவைச் செலவு. அடுத்தது கண்டிஷன் பெயில். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கேட்பதற்கு என்ன, ஒரு கையெழுத்துத்தானே! இந்த ஒன்பது பேரும் கொத்தனாரும் சித்தாளும் லோடுமேனும். எட்டரை மணிக்குச் சாரத்தில் ஏறவில்லை என்றால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும், நோட்டு எழுத்தர் மேசையில் இருக்கிறது, எழுத்தர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், வந்த பிறகு கையெழுத்து. மணி பதினொன்றரை. அன்றைய கூலி போச்சு. கூலியை 700 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு ஒரு நாளைக்கு 6,300. மாதம் 26 வேலைநாள் என்றால் 1,63,800 ரூபாய். இது அபராதம் இல்லை, தண்டனை இல்லை, குற்றப்பத்திரிகைகூட இன்னும் வரவில்லை. ஒரு மாதக் கையெழுத்தின் விலை இது.

இந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம், அது நிற்கும் என்று நம்புகிறேன். அதன் பிறகு குற்றப்பத்திரிகை வரும், வாய்தா தொடங்கும். வாய்தாவுக்குப் போனால் பாதி நாள் 'சாட்சி வரவில்லை, அடுத்த தேதி' என்பார்கள். போகாவிட்டால் பிடிவாரண்ட். வராத நாளுக்கு மன்னிக்கச் சொல்லி மனு, அதற்கு ஸ்டாம்பு, டைப்படிக்கக் காசு. இப்படி மூன்று வருஷமோ நாலு வருஷமோ போய், கடைசியில் விடுதலை என்று தீர்ப்பு வரும். போன கூலியை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. இதைத் தாங்க முடியாமல், செய்யாத காரியத்தை 'செய்தேன்' என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனவர்களை என் கையாலேயே கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறேன். அந்த அபராதம் அவர்களுக்கு மலிவாகப் பட்டது. பிறகு பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போதுதான் அதன் முழு விலை தெரியும்.

இலவச சட்ட உதவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல காரியம். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு உண்டு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உண்டு, காவலில் இருக்கிற யாருக்கும் வருமானம் பார்க்காமல் உண்டு. அதையும் கேட்டிருக்கிறோம். அது வக்கீலைத் தரும். சாரத்தில் ஏறாத நாளுக்குக் கூலி தராது, ரேஷன் கடையில் எண்ணெய் வாங்கித் தராது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வரவில்லையென்றால் தலைவர் மணி அடிப்பார்.

வ.உ.சி.யின் தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கிய காலத்தில் கிரிமினல் வழக்குகளை எடுத்து, ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். போலீசுக்கு அவரைக் கண்டால் ஆகாது. விரோதம் முற்றியதால் தகப்பனாரே 1900 வாக்கில் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1908 மார்ச் 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூட்டில் நாலு பேர் செத்தார்கள். ஜூலை 7ஆம் தேதி பின்ஹே என்ற செஷன்ஸ் நீதிபதி இரண்டு ஆயுள், நாற்பது வருஷம் என்று தீர்ப்பு எழுதினார். அப்பீலில் அது வெகுவாகக் குறைந்தது, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். நாற்பது வருஷம் குறைந்தது என்கிறோமே, அப்பீல் என்று ஒன்று போட்டதால்தான் குறைந்தது. அப்பீல் போடக் காசு வேண்டும்.

வெளியே வந்தவருக்கு சன்னத் இல்லை. வக்கீல் தொழில் போச்சு. சென்னையில் மனைவி மக்களோடு சிறு வியாபாரம் பார்த்துக் கஷ்டப்பட்டார். அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்காகப் பணம் சேர்த்திருந்தார்கள். வேதியப் பிள்ளை என்பவர் முன்னின்று சேர்த்துக் காந்தியிடம் ஒப்படைத்தார். 1915இல் காந்தி சென்னைக்கு வந்தபோது தொடங்கி அடுத்த வருஷம் வரைக்கும் இந்தப் பணத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் கடிதம் மாறி மாறிப் போயிருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக எழுதியிருக்கிறார், நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். தொகை எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா.

காந்தி அமுக்கிவிட்டார் என்று நாளைக்கு யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்ப வேண்டாம். கொடுத்தவர் யார், எவ்வளவு என்ற பட்டியல் கைவசம் இல்லை, ஊர் மாறி வந்தவர், அதனால் இழுத்தது. கடைசியில் பணம் வந்து சேர்ந்தது. இதில் நான் பார்க்கிற சங்கதி இரண்டு. ஒன்று, வ.உ.சி. கூச்சப்படவில்லை. எனக்காகச் சேர்த்த பணத்தை இந்த நிலைமையில் வேண்டாமென்றால் அது என் குடும்பத்துக்குச் செய்கிற தவறு என்ற பொருளில் எழுதினார். கப்பல் ஓட்டியவரே கேட்டு வாங்கியிருக்கிறார், நம் தெருப் பெண்கள் ஏன் முந்தானையால் முகத்தை மூட வேண்டும்? இன்னொன்று, அத்தனை பெரிய மனிதர்கள் கையில் போன பணமே கணக்கு இல்லாததால் அவ்வளவு நாள் இழுத்தது. எனவே நம் நிதிக்கு ரசீதுப் புத்தகம் உண்டு. வாங்கின காசும் செய்த செலவும் ஒன்றாம் தேதிதோறும் நூலக வாசல் பலகையில் ஒட்டப்படும். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் இருக்கும். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு 'ஓர் அன்பர்' என்று எழுதுவோம்.

நிதி கேட்பது புதிதும் இல்லை. அரவிந்தர் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் மாட்டியபோது தங்கை சரோஜினி பத்திரிகை வழியாக ஊரைக் கேட்டார். சேர்ந்த பணம் பாதியில் தீர்ந்தது, அதன் பிறகு சி.ஆர். தாஸ் கைக்காசைப் போட்டு வாதாடினார். 1909 மே மாதம் விடுதலை. அடுத்த வருஷமே புதுச்சேரிக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரி 28, பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அன்றைக்கு அவர்களுக்காக வாயைத் திறக்கவே பலரும் பயந்தார்கள். பழ. நெடுமாறன் முன்னின்று குழு அமைத்து, மக்களிடம் நிதி திரட்டி, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூத்த வழக்கறிஞர் என். நடராசன் வாதாடினார். 1999 மே 11இல் தீர்ப்பு வந்தது. நாலு பேருக்குத்தான் தூக்கு உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுள், பாக்கிப் பத்தொன்பது பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டு வெளியே வந்தார்கள். அந்தக் கொலையைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் எதுவாகவும் இருக்கட்டும். அப்பீல் நடத்தக் காசில்லாமல் போயிருந்தால் அந்தப் பத்தொன்பது பேர் கதி என்ன? அதை மட்டும் யோசியுங்கள்.

கோர்ட்டோடும் போலீசோடும் நமக்கு விரோதம் கிடையாது. வ.உ.சி.க்கு சன்னத் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நாமும் கோர்ட்டுக்குள்ளே போய்த்தான் கேட்கிறோம், வெளியே நின்று அல்ல.

ஒன்பது பேர் வெளியே வந்துவிட்டார்கள் என்றேன். மீதி இரண்டு பேர்? அவர்களுக்கும் அதே நாளில் ஜாமீன் உத்தரவாகிவிட்டது. இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து குழாய் பதிக்க வந்த கூலிக்காரர்கள். மறியலன்று விலக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று டீக்கடைக்காரர் சொல்கிறார். ஆளுக்கு இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும். ஊரில் அவர்களுக்கு யாரைத் தெரியும்? ஐயாயிரத்தை நாம் கட்டிவிடலாம், ஜாமீன்தாரரைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வாங்கவும் கூடாது, கோர்ட் வாசலில் அப்படியும் ஒரு தொழில் நடக்கிறது, அது வேறு கதை.

1978இல் மோத்திராம் என்ற கொத்தனாருக்கு இதே நிலைமை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி கையெழுத்துப் போட வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மாஜிஸ்திரேட் தள்ளினார். உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அதைக் காட்டி நம் வக்கீலும் மனுப் போட்டிருக்கிறார். மனு எண்ணாகி, விசாரணைக்கு வந்து, உத்தரவாகி, ஜெயிலுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ. நம்மில் நாலு பேர் முன்வந்தால் திங்கட்கிழமை சாயங்காலமே கதவு திறக்கும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜாமீன் போடுகிறவர் இப்போது காசு எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் அந்த ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் உங்களுக்கு நோட்டீஸ் வரும், எழுதிக்கொடுத்த பத்தாயிரத்தைக் கோர்ட் வசூல் பண்ணும். அப்படி ஆனால் நிதியிலிருந்து கொடுப்போம் என்று குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. என் வீட்டுத் தீர்வை ரசீது பையிலேயே இருக்கிறது. இன்னும் மூன்று பேர் வேண்டும்.

பணம் தருகிறவர்கள் வாசலில் டீச்சரம்மாவிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோர்ட் கேன்டீன் பக்கம் இருப்பேன். ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ, இந்த வருஷத்துத் தீர்வை ரசீது, வி.ஏ.ஓ. சான்று. ஒரிஜினலாகவே கொண்டுவாருங்கள், ஜெராக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.