அதிபர் இல்லாத நேரத்தில்



நமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் முன்னைய அதிபர்களை நன்றியோடு நினைக்கிறோம். புகழ்மாலையோடு நின்றுவிடாமல், ஓர் அதிபரின் தலைமைத்துவம் பாடசாலையின் சூழலை எவ்வாறு ஆக்குகிறது என்பதையும் இன்று சிறிது சிந்திப்போம்.

1939 இல் குர்ட் லெவின், லிப்பிட், வைட் ஆகிய மூவர், அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவர் குழுக்களில் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் கட்டளையிட்டார். இன்னொருவகைத் தலைவர் பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்தார். தலைவர் அறையை விட்டு வெளியேறியதும், முதற்குழுவில் வேலை குன்றியது. மற்றக் குழுவில் அது தொடர்ந்து நடந்தது. ஒரு தலைமையை அளக்க இதைவிட எளிய அளவுகோல் இல்லை. அதிபர் கல்வித் திணைக்களத்துக் கூட்டத்துக்குப் போயிருந்த நாட்களில் நமது வகுப்பறைகள் எப்படி இருந்தன என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

இதனால் கண்டிப்பே கூடாது என்பதல்ல. கண்டிப்பு வேறு, அச்சம் வேறு. பிந்தி வந்த பிள்ளையை நிறுத்திவைப்பது கண்டிப்பு. ஏன் பிந்தினாள் என்று கேளாமலே நிறுத்திவைத்தால், அடுத்தமுறை அவள் பாடசாலைக்கே வரமாட்டாள்.

உடுவில் மகளிர் பாடசாலையை 1879 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்திய எலிசா அக்னியூ அம்மையாரை 'ஆயிரம் பெண்களின் தாய்' என்றார்கள். படித்து வெளியேறிய மாணவிகளின் வீடுகளுக்கும் அவர் போய்வந்தார். அதிபருக்கும் மாணவிக்கும் உள்ள உறவு விடுகைப் பத்திரத்தோடு முடிவதில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறின. அவர்களின் பிள்ளைகள் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆண்டின் நடுவில் வந்தார்கள். சிலரிடம் பத்திரங்கள்கூட இருக்கவில்லை. "பத்திரம் எங்கே?" என்பது முதற்கேள்வியா, "சாப்பிட்டாயா?" என்பது முதற்கேள்வியா என்பதை அந்தந்த அதிபரே தீர்மானித்தார். வாசலில் அவர் நடந்த விதத்தைப் பார்த்துத்தான் வகுப்பிலிருந்த பிள்ளைகளும் புதியவளுக்கு வாங்கில் இடம் விட்டார்கள். பாடசாலைச் சூழல் என்பது இதுதான். அது சுவரில் எழுதும் மகுடவாசகத்தில் இல்லை.

இன்று அரச பாடசாலை அதிபர்கள் இடமாற்றத்தில் வருகிறார்கள், போகிறார்கள். நாற்பது ஆண்டுகள் ஒருவரே இருக்கப்போவதில்லை. ஆகவே நல்ல சூழலை அடுத்த அதிபரிடம் கைமாற்றிக் கொடுப்பதில் ஆசிரியைகளுக்கும் நமக்கும் பங்குண்டு.

பழைய மாணவிகள் சங்கம் இரண்டாவது அதிபராக இருக்கக்கூடாது. புதிதாக வருபவரிடம் "முந்தி இப்படியில்லை" என்பது நமது முதல் வார்த்தையாக இருக்கவேண்டாம். கட்டடமோ கணினியோ கொடுக்குமுன், என்ன தேவை என்று ஆசிரியைகளையும் மாணவத் தலைவிகளையும் கேட்போம். நமது பெயர் பொறித்த கல் எங்கே பதிக்கப்படும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாம் எவரும் அருகில் இல்லாத ஒரு காலைவேளையிலும், மணி அடிக்குமுன்பே பிள்ளைகள் விருப்பத்தோடு ஓடிவரும் பாடசாலையாக இது இருக்கட்டும். அதற்குத் துணைநிற்பதே இரண்டாவது நூற்றாண்டில் நமது சங்கத்தின் பணி.