வாடையும் தடவும்

(நம் வட்டத்தின் தை மாத அமர்வில், மொன்றியலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கார்த்திகை அமர்வில் பத்துப்பாட்டு வாசிப்பு நடைபெற்றபோது, நெடுநல்வாடையை வாசிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. நன்றாகவே வாசித்து வந்தவன் ஓரிடத்தில் நூலை மூடிவிட்டுத் தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை என்பதைத் தலைவர் கண்டுகொண்டார். "காரணத்தைத் தை மாதத்தில் உரையாகவே சொல்லிவிடும்" என்று கட்டளையிட்டு, 'கடுங்குளிரும் அன்றாட வாழ்வும்' என்ற தலைப்பையும் அவரே தந்துவிட்டார். ஆகவே இது ஆய்வுரையன்று. சொன்ன பொய்க்கு நான் செலுத்தும் தண்டம் என்று கொள்க.

நெடுநல்வாடை 188 அடிகளை உடையது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர். பாசறையிலிருக்கும் அரசனையும் அரண்மனையில் அவனைப் பிரிந்து வருந்தும் அரசியையும் பற்றி அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அகமா புறமா என்ற வழக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் நான் புகவில்லை. என்னை ஈர்ப்பது பாட்டின் முற்பகுதி. அங்கே புலவர் குளிரைப் பற்றிப் பேசுவதே குறைவு. குளிரால் எந்தெந்தப் பொருள் தொழிலின்றிக் கிடக்கிறது, எந்தெந்த உயிர் தன் வழக்கத்தை மறந்தது என்பதையே பார்த்துக்கொண்டு போகிறார். இடையர் நெருப்பில் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். மாடு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. மாடத்துப் புறா இரைதேடிப் போகாமல் இருந்த இடத்திலேயே கால்மாற்றி நிற்கிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. வேனிலுக்கென்று செய்த விசிறி முளையில் தொங்க, அதன்மேல் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. தென்றல் வரும் யன்னல்கள் திறக்கப்படவில்லை, கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாயுடைய கன்னலில் இருக்கும் தண்ணீரை எவரும் குடிப்பதில்லை. அகன்ற வாயுடைய தடவிலே நெருப்பு நிறைந்திருக்கிறது. தடவு என்பது கணப்புச் சட்டி.

நான் நூலை மூடியது அந்தச் சொல்லில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நக்கீரர் பாடிய கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும் ஆகிய இரு திங்கள். பாண்டிநாட்டில் அக்காலத்து இரவு, வெப்பமானியில் பார்த்தால் 20 பாகையைச் சுற்றி இருந்திருக்கும். யாழ்ப்பாணத்து மார்கழி விடியலில், திருவெம்பாவைக்கு எழுந்து கிணற்றடியில் நின்று நாம் பல்லடித்த குளிரும் ஏறக்குறைய அவ்வளவே. இந்த நகரத்திலோ வைகாசியில் 20 பாகை வந்தால் மேலங்கியைக் கழற்றிவிட்டுப் பூங்காவுக்கு ஓடுகிறோம். இங்கே தை மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கு இறங்குவது வழக்கம். மேற்கே வின்னிப்பெக் பக்கத்தில் 40 வரையும் இறங்குவதுண்டு. செல்சியசும் பரனைற்றும் ஒரே எண்ணைக் காட்டும் புள்ளி அதுவேயாதலால், அங்கே எந்த அளவையில் சொன்னாலும் பிழையில்லை. அங்குள்ள கார்களின் முகப்பில் மின்செருகி ஒன்று தொங்கும். இரவில் இயந்திரத்தைச் சூடேற்றி வைக்காவிட்டால் காலையில் அது உயிர்பெறாது. மாட்டுக்கு வைக்கோல் போடுவதுபோல் காருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுப் படுக்கிறார்கள் என்று அங்கிருந்து வந்த நண்பர் சொன்னார்.

இக்குளிரோடு வாழக் கற்றுத்தந்தவை நூல்களல்ல. முன்வந்தவர் பின்வந்தவருக்குச் சொன்ன சிறு சொற்களே கற்றுத்தந்தன. நான் வந்த 1996ஆம் ஆண்டில், என்னை ஏற்றிச் செல்ல வந்தவர் முதலில் கேட்டது, "உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறீர்?" என்பதே. நூல் பெனியன் என்றேன். "அதுதான் உமக்கு எதிரி" என்றார். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நின்றவுடன் அந்த ஈரமே உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். இடையிலே நிற்கும் காற்றுத்தான் உண்மையான போர்வை. ஐந்து விரலும் தனித்தனியே நிற்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒரே அறையில் குடியிருக்கும் கையுறை சூடானது. நாங்களும் அப்போது ஓர் அறையில் நால்வராகப் படுத்தவர்கள். அதன் உண்மையை உடனே உணர்ந்தோம்.

காற்று வேறு கணக்கு. வானொலியில் வெப்பநிலையுடன் காற்றின் உறைப்பையும் கூட்டிச் சொல்வார்கள். அந்தக் கணக்கைக் கனடாவும் அமெரிக்காவும் 2001இல் சேர்ந்து திருத்தின. அவ்வெண் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் அரைமணிக்குள் உறையத் தொடங்கலாம். உறையும் இடத்தில் முதலில் வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றதும் ஆறுதல் கொள்பவன் புதியவன். பழகியவன் அப்போதுதான் அஞ்சி உள்ளே ஓடுவான். உறைந்த விரலைத் தேய்க்கக்கூடாது, நெருப்பில் காட்டக்கூடாது. இளஞ்சூட்டு நீரில் வைக்க வேண்டும். இதையும் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்; அதற்குள் இடக்காதின் நுனியில் ஒரு பகுதி உணர்விழந்துவிட்டது.

இந்நகரத்தின் வெளி இரும்புப் படிக்கட்டுகளை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். சுழன்று இறங்கும் அவற்றின் அழகைப் படம்பிடிக்க ஊர்ஊராக வருகிறார்கள். மாசி மாதத்தில் காலை ஐந்து மணிக்கு வேலைக்கு இறங்குபவருக்கு அவ்வழகு தெரிவதில்லை. உப்புத் தூவலாம், ஆனால் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை தாண்டினால் உப்பின் வலிமை குன்றிவிடும். அதனால்தான் நகரசபை கடுங்குளிரில் சிறுகல்லைத் தூவுகிறது. பனி அள்ளும் வண்டிகள் வருமுன், தெருவோரக் கார்களை அகற்றும்படி இழுவை வண்டிகள் நள்ளிரவில் அபாயச் சங்கு ஊதிக்கொண்டு போகும். முதல் ஆண்டு அச்சங்கொலி கேட்டு எங்கள் வீட்டில் இருவர் கட்டிலின் கீழே புகுந்தனர். அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை இவ்வவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கவிஞர்களிடம் ஒரு குறை சொல்ல விரும்புகிறேன். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் வாசிக்கப்பட்ட கவிதைகளில் பனி எத்தனையோ முறை பெய்திருக்கிறது. என்னுடைய கவிதைகளிலும் பெய்தது. பெரும்பாலும் அது வெண்பட்டாக விரிந்தது. அல்லது தாய்மண்ணைப் பிரிந்த நெஞ்சின் குறியீடாக நின்றது. வாசலில் சப்பாத்துகளிலிருந்து ஒழுகி உலர்ந்த உப்பின் வெள்ளைக்கோடு, ஈரக் கம்பளியின் வாடை, கதவைத் திறந்ததும் மூக்கினுள் மயிர் விறைக்கும் அந்த நொடி, கடுங்குளிரில் காலடியில் கிறீச்சிடும் பனி, இளகிய நாளில் ஓசையின்றி அமுங்கும் பனி, இவற்றுள் எத்தனை நம் வரிகளில் உள்ளன? சிலந்தி கட்டிய விசிறியைக் கண்ட கண் நமக்கு எங்கே போயிற்று?

சொல் இல்லை என்பார்கள் சிலர். பனி என்ற ஒரே சொல் நம்மிடம் புல்நுனித் துளியாகவும் மூடுபனியாகவும் குளிராகவும் நடுக்கமாகவும் இருந்தது. இங்கு வந்த பின்னர் வானத்திலிருந்து கொட்டுவதையும் அதன் தலையிலேயே ஏற்றிவிட்டோம் என்பது உண்மை. ஆனால் என் மாமியார் எழுபது வயதில் இங்கு வந்தவர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். வந்த இரண்டாம் மாரியிலேயே அவரிடம் மூன்று சொற்கள் இருந்தன. உதிரியாக, பிடித்தால் நில்லாமல் கிடப்பது 'பிட்டு'. உப்பும் சேறும் கலந்து கணுக்கால்வரை நனைப்பது 'களி'. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஒட்டிக் கிடந்து ஆளை வீழ்த்துவது 'கள்ளன்'. "தம்பி, படியிலை கள்ளன் படுத்திருக்கிறான், கம்பியைப் பிடிச்சு இறங்குங்கோ" என்பார். எந்தக் கலைச்சொல் அகராதியும் இதைவிடச் சிறப்பாகச் செய்துவிடாது என்பது என் துணிபு.

இனித் தடவு.

1998 ஜனவரி 5ஆம் நாள் தொடங்கி ஆறு நாள் இம்மாகாணத்தின் தென்பகுதியில் உறைமழை பெய்தது. மேலே இளஞ்சூட்டுக் காற்று. தரையை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்று. மேலே நீராக உருகி வந்த துளி, எதைத் தொட்டாலும் தொட்ட இடத்திலேயே பளிங்காக இறுகியது. மரக்கிளைகள் இரவெல்லாம் துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்தன. சுமார் 30,000 மரக் கம்பங்களும் ஏறத்தாழ 1000 இரும்பு மின்கோபுரங்களும் சாய்ந்தன. கியூபெக்கில் மட்டும் 14 இலட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. இங்கே வீடுகளிற் பெரும்பாலானவை மின்சாரத்தால் சூடாக்கப்படுபவை. ஆதலால் விளக்கு அணைந்தபோதே அடுப்பும் அணைந்தது, வீடும் அணைந்தது. நகரின் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதத்துக்கு மேலும் அந்நிலை நீடித்தது.

நாங்கள் எழுவர் கோத் டே நேஜ் பகுதியில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்தோம். பனிச்சரிவு என்பது அப்பெயரின் பொருள் என்று பிறகே அறிந்தேன். 9ஆம் நாள் வெள்ளிக்கிழமை எங்களுக்கும் மின்சாரம் போயிற்று. மூன்றாம் இரவு, இருந்த உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டும் நடுங்கினோம். எங்களில் மூத்தவர், ஊரில் தேநீர்க்கடை வைத்திருந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணை. இளமையில் நுவரெலியாவில் கடையொன்றில் நின்றவர். "அங்கை லயத்திலை அடுப்பைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டுதான் படுப்பினம்" என்று சொல்லி, கோடையில் இறைச்சி வாட்ட வாங்கிப் பல்கனியில் பனி மூடிக் கிடந்த கரியடுப்பை உள்ளே கொண்டுவந்தார். கரி நன்றாகக் கனன்று புகை அடங்கியது. மூன்று நாளில் முதன்முறையாகக் கைகால் இளகின. சூடு வீணாகக்கூடாதென்று யன்னல் இடுக்குகளில் துணி அடைத்தோம். கதவடியில் சாரத்தைச் சுருட்டித் திணித்தவன் நான்.

எனக்குத் தலை இடித்தது. பசி என்று நினைத்தேன். எங்களில் இளையவன் பத்தொன்பது வயதினன். அவன் முதலில் உறங்கிவிட்டான்.

நடைவழியில் கரிவாடை உணர்ந்து எதிர்வீட்டு மூதாட்டி கதவைத் தட்டினார். திறந்ததும் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பல்கனிக் கதவை அகலத் திறந்து, அடுப்பைக் காலாலேயே வெளியே தள்ளினார். பிரெஞ்சில் உரக்கக் கத்தினார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குளிரை உள்ளே விட்டாளே என்று அண்ணை அவரைத் தமிழில் ஏசினார். நானும் ஏசினேன். அதன் பிறகே, குளிர்காற்று முகத்தில் அடித்தும் இளையவன் அசையவில்லை என்பதைக் கண்டோம்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசன் அமரும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அது அமர்ந்துவிடும். அந்தப் பேரிடரில் குளிராலும் தீயாலும் இறந்தவர்கள் உண்டு. எங்களைப் போல உள்ளே நெருப்பு மூட்டி இந்த வாயுவால் இறந்தவர்களும் உண்டு. எங்கள் தம்பி இறக்கவில்லை. மருத்துவமனையில் ஒட்சிசன் கொடுத்து மீட்டார்கள். ஊரில் தேவாரப் போட்டிகளில் பரிசு பெற்றவன் அவன்; பதிகம் பதிகமாக மனத்தில் வைத்திருந்தவன். அந்த மாரிக்குப் பிறகு, பாடிக்கொண்டு போகையில் நடு வரியில் நின்றுவிடுவான். அடுத்த சொல் வராது. சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவான். இன்றும் அப்படித்தான். வேறு நகரத்தில் குடும்பமாக நலமாக இருக்கிறான். அண்ணை காலமாகிவிட்டார், இறுதிவரை அந்த இரவைப் பற்றி அவர் பேசியதில்லை. சாரத்தைப் பற்றி நானும் பேசியதில்லை. இன்றுதான் பேசுகிறேன்.

நக்கீரரின் வீட்டிலும் கதவு தாழிட்டிருந்தது. தடவில் நெருப்பு இருந்தது. அந்த வீட்டுக்கு மூச்சு இருந்திருக்க வேண்டும். லயத்துத் தகரக் கூரைக்கும் இருந்தது. இந்நாட்டு வீடு, காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்டது. ஓரிடத்தில் உயிர்காத்த அறிவை நாங்கள் அப்படியே சுமந்துவந்து, இங்கே கதவடியையும் அடைத்தோம். கார்த்திகை அமர்வில் தாழிட்ட கதவைக் கடந்து தடவை வாசித்ததும் எனக்கு மீண்டும் அந்தத் தலையிடி வந்தது.

இவ்வாண்டு நம் அமர்வுகளுக்குப் புதிதாக வந்த மாணவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறார்கள். தம்பிமாரே, தங்கைமாரே, கரியடுப்பும் மின்பிறப்பாக்கியும் வீட்டுக்குள்ளும் வேண்டாம், யன்னலோரமும் வேண்டாம். அந்த வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி கடைகளில் கிடைக்கிறது. மின்கலத்தில் இயங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போனால் எங்களில் யாரையாவது நள்ளிரவிலும் அழையுங்கள்.

அந்த மூதாட்டிக்கு நன்றி சொல்ல, மின்சாரம் வந்த பின்னர் ஒரு தட்டில் வடையுடன் போனோம். வாங்கிக்கொண்டு, இன்னும் கோபமாகவே ஏதோ சொன்னார். பிரெஞ்சு கற்ற பிறகு மீண்டும் போய்ப் பேசலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் கோடையில் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அவருடைய பெயரை நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மாசி அமர்வில் நெடுநல்வாடையை விட்ட அடியிலிருந்து தொடர்வோம். நானே வாசிக்கிறேன். உரைநூல் வைத்திருப்பவர்கள் மறவாமல் கொண்டுவருக.